மலைச் சைக்கிள் ஃபோர்க்குக்கு எந்த ஆயில்? வீட்டில் சர்வீஸ் செய்பவர்களுக்கான மதிப்பீடு

மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க்கை வீட்டிலேயே பிரித்துச் சர்வீஸ் செய்கிறவர்களுக்குக் கருவிகளால் வரும் சிரமத்தைவிட ஆயிலால் வரும் குழப்பமே பெரிது. ஒரே ஃபோர்க்குக்குள் மூன்று வேலைகளுக்கு மூன்று விதமான மசகுகள் தேவைப்படுகின்றன; ஆனால் விற்பனைக்கு வரும் புட்டிகளின் முகப்பில் 3, 5, 10, 20 என்று ஓர் எண்ணும் பக்கத்தில் வெயிட் என்ற சொல்லும் இருக்குமே தவிர, எந்த எண் எந்த வேலைக்கு என்ற விளக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. கீழ்க்கால்களுக்கு (சக்கரத்தைப் பிடித்திருக்கும் வெளிக்குழாய்கள்) ஃபாக்ஸ் 20 வெயிட் கோல்டு, ராக்‌ஷாக்ஸ் 0டபிள்யூ-30, மோட்டோரெக்ஸ் சூப்பர்கிளிஸ் 68கே, கார் எஞ்சின் ஆயில் ஆகியவற்றைப் பயன்படுத்திப் பார்த்ததையும், ஃபோர்க்கின் அசைவு வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பருக்கான ஆயில்களின் தொழில்நுட்பத் தாள்களை ஒப்பிட்டுப் படித்ததையும் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழ்க்கால் ஆயிலில் பார்க்க வேண்டியது அது உலோகத்தில் எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பது, டாம்பர் ஆயிலில் பார்க்க வேண்டியது 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தன்மை) எவ்வளவு என்பது. இரண்டுக்குமே புட்டியின் முகப்பிலுள்ள எண் போதாது.

ஆயில் எங்கெங்கே வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். காற்றால் இயங்கும் இன்றைய ஃபோர்க்குகளில் பொதுவாக ஒரு காலுக்குள் காற்றழுத்தத்தால் எடையைத் தாங்கும் ஏர் ஸ்பிரிங்கும் மற்றொரு காலுக்குள் டாம்பரும் இருக்கும். ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் ஆகிய இரு நிறுவன ஃபோர்க்குகளிலும் ஓட்டுபவரின் வலக்கைப் பக்கம் டாம்பர், இடக்கைப் பக்கம் ஏர் ஸ்பிரிங். டாம்பருக்குள் இருக்கும் ஆயில் சின்னத் துளைகளையும் மெல்லிய தகட்டு வால்வுகளையும் கடந்து போகும்போது ஏற்படும் தடைதான் ஃபோர்க் அமுங்கும் வேகத்தையும் திரும்பி எழும் வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஏர் ஸ்பிரிங்கில் பிஸ்டனின் சீல்கள் உலராமல் வழுக்கிச் செல்லக் கொஞ்சம் கிரீஸ் அல்லது கெட்டியான திரவம் வேண்டும். இவை இரண்டுக்கும் வெளியே, இரண்டு கீழ்க்கால்களின் அடியிலும் தேங்கி நிற்கும் சிறிதளவு ஆயில், ஃபோர்க் அசையும்போதெல்லாம் மேலே தெறித்து புஷிங்குகளையும் (குழாய்கள் வழுக்கி நகர உதவும் வளையங்கள்), தூசியைத் தடுக்கும் வைப்பர் சீலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஃபோம் ரிங்கையும் நனைக்கிறது. இந்த மூன்றாவது ஆயிலைத்தான் வீட்டில் சர்வீஸ் செய்கிறவர் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால் சர்வீஸைப் பரிந்துரைக்கிறது. ஆகவே முதலில் வாங்க வேண்டியதும் கூடுதலாக யோசிக்க வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

கீழ்க்கால் ஆயிலின் நிலைமை விசித்திரமானது. அது எதற்குள்ளும் நிரம்பி நிற்பதில்லை. பம்ப் எதுவும் அதை மேலே ஏற்றுவதில்லை. ஒரு காலில் மேலும் கீழுமாக இரண்டு புஷிங்குகள் உள்ளன. கீழ் புஷிங்குக்கு ஆயில் எளிதில் கிடைத்துவிடுகிறது, மேல் புஷிங்கும் ஃபோம் ரிங்கும் தெறிப்பதையும் கீழ்க்காலுக்குள் நுழைந்து நகரும் ஸ்டான்ஷன் குழாயில் ஒட்டி ஏறுவதையும் நம்பித்தான் இருக்கின்றன. சைக்கிளைச் சில நாள் நிறுத்தி வைத்தால் ஆயில் முழுவதும் அடியில் இறங்கிவிடும், மறுபடி ஏறிக் கிளம்பும் முதல் சில நிமிடங்களில் மேல் புஷிங்கில் மிஞ்சியிருக்கும் மெல்லிய படலம் மட்டுமே உராய்வைத் தடுக்கும். நீர்த்த ஆயில் வேகமாகத் தெறித்து எங்கும் பரவும், ஆனால் அதே வேகத்தில் வழிந்தும் போகும். கெட்டியான ஆயில் ஒட்டி நிற்கும், ஆனால் குளிரில் மேலே போய்ச் சேரத் தாமதிக்கும். நல்ல கீழ்க்கால் ஆயில் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது. அதற்குமேல், உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் சேர்மானம் அதில் இருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கழித்துப் போட்ட ஃபோர்க்கின் ஸ்டான்ஷன் குழாயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வோர் ஆயிலிலும் ஒரு சொட்டை ஒரே உயரத்தில் வைத்து விட்டுவிட்டேன். 5 வெயிட் டாம்பர் ஆயில் வைத்த கணமே கோடாக ஓடிக் கீழே இறங்கியது. அது போன தடத்தில் விரலை வைத்தால் ஈரம் தெரிந்தது, வழுவழுப்பு தெரியவில்லை. 0டபிள்யூ-30 நிதானமாக இறங்கி அகலமான தடத்தை விட்டுச் சென்றது. ஃபாக்ஸ் கோல்டு பொன்னிறச் சொட்டாகவே நெடுநேரம் தங்கி, பிறகு தலை தடித்து வால் நீண்டு மெல்ல நகர்ந்தது; இரு விரல்களுக்கிடையே தொட்டுப் பிரித்தால் மெல்லிய இழை நீண்டு அறுந்தது. சூப்பர்கிளிஸ் அதே அளவுக்கு இழை விடவில்லை, ஆனால் அதன் தடத்தில் விரல் நுனியை அழுத்தி மிக மெதுவாக இழுத்தபோது, தொடக்கத்தில் சிக்கிப் பிறகு விடுபடும் அந்தச் சின்ன வெட்டு இல்லாமல் விரல் நகரத் தொடங்கியது. அறிவியல் அளவீடு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபோர்க்குக்குள் ஆயில் செய்யும் வேலை ஏறக்குறைய இதுதான் என்பதால், புட்டியின் எண்ணைவிட இந்தச் சோதனை எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

அந்தச் சின்ன வெட்டுதான் கீழ்க்கால் ஆயிலைப் பற்றிய பேச்சின் மையம். அசையாமல் இருக்கும் இரண்டு பரப்புகளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும் பரப்புகளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படும் விசையைவிட அதிகம். ஃபோர்க்கில் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் சின்னக் கற்களும் வேர்களும் ஃபோர்க்கை அசைக்காமல் நேராகக் கைக்கு வந்து சேரும். பெரிய அடி விழும்போது மட்டும் அது விழித்துக்கொண்டு அமுங்கும். ஏர் பிரஷரைக் குறைத்தும் கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகம்) குமிழைத் திருகியும் பலர் தேடும் மென்மை, பல நேரங்களில் வறண்ட ஃபோம் ரிங்கிலும் பழைய ஆயிலிலும் அடைபட்டுக் கிடக்கிறது.

மோட்டோரெக்ஸ் சூப்பர்கிளிஸ் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். அது சைக்கிளுக்காகப் பிறந்த ஆயில் இல்லை. லேத், மில்லிங் போன்ற இயந்திரங்களில் கனமான மேசை நீண்ட உலோகத் தடத்தின் மேல் மிக மெதுவாக நகர வேண்டும். சிக்கிச் சிக்கி நகர்ந்தால் வெட்டும் வேலை கெட்டுவிடும். அந்தச் சிக்கலைப் போக்க உருவானவை ஸ்லைடுவே ஆயில்கள். அவை தடத்தைப் பற்றிக்கொண்டு வழியாமல் நிற்க வேண்டும், நீர் கலந்த குளிர்விப்புத் திரவம் மேலே கொட்டிக்கொண்டே இருந்தாலும் கழுவிப் போகக் கூடாது. ஒட்டி நிற்பது, மெதுவான தொடக்க அசைவில் சிக்காமல் விடுவது, நீரால் கழுவப்படாதது என்ற மூன்று குணங்களும் மழையிலும் சேற்றிலும் ஓடும் ஃபோர்க்கின் கீழ்க்காலுக்கு அப்படியே பொருந்துகின்றன. மனிட்டூ நிறுவனம் தன் மெஸ்ஸர் ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்குச் சூப்பர்கிளிஸ் 68கே ஆயிலையே குறிப்பிடுகிறது என்பதால், சீல்களுக்கு ஆகுமா என்ற சந்தேகத்துக்கும் பெருமளவு இடமில்லை. இதே இனத்தில் இன்னும் கெட்டியான 100கே என்பதும் உண்டு. ஆண்டு முழுவதும் வெப்பம் குறையாத இடங்களில் ஓட்டுபவர்கள் அதைத் தாராளமாகப் போடலாம், குளிர் காலத்தில் ஓட்டுபவர்களுக்கு 68 தான் ஏற்றது. எந்த ஸ்லைடுவே ஆயிலையும் இதே தைரியத்தில் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அவற்றில் பல, கனமான சுமையைத் தாங்கும் சேர்மானங்களோடு வருபவை. ரப்பர் சீலோடும் மக்னீசியக் கலவையால் ஆன கீழ்க்காலோடும் பழகிப் பார்க்கப்பட்டவை எவை என்பதை ஃபோர்க் தயாரிப்பாளரே சொல்லியிருக்கும்போது அந்த எல்லைக்குள் நிற்பதே நல்லது.

ஃபாக்ஸ் 20 வெயிட் கோல்டு, எந்த யோசனையும் இல்லாமல் வாங்கிப் போடக்கூடிய ஆயில். ஃபாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களுக்கென்றே தருவது. ஒட்டும் தன்மை நான் பார்த்தவற்றில் முதலிடம். சைக்கிளை நிறுத்தி வைத்து எடுத்த பிறகும் ஃபோர்க் வறண்டிருப்பதில்லை என்பது இதன் பெரிய பலன். கடும் குளிரில் முதல் சில நிமிடங்கள் ஃபோர்க் சற்று மந்தமாக இருக்கும் என்பது குறை. வேறு நிறுவன ஃபோர்க்குகளிலும் இதை ஊற்றி ஓட்டுகிறவர்கள் ஏராளம். வேலையைப் பொறுத்தவரை அதில் தவறேதும் எனக்குத் தெரியவில்லை, அளவை மட்டும் அந்தந்த ஃபோர்க்கின் கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

ராக்‌ஷாக்ஸ் 0டபிள்யூ-30 இதற்கு மறுமுனையில் நிற்கிறது. எளிதாகப் பரவுகிறது, குளிரிலும் ஃபோர்க் உடனே உயிர்ப்போடு அசைகிறது, சர்வீஸ் முடிந்த அன்றைக்கு எல்லா ஆயில்களையும்விட இதுவே மென்மையாகத் தோன்றும். நாள்பட நாள்பட அந்த மென்மை மற்றவற்றைவிடச் சீக்கிரம் குறைவதாக எனக்குப் படுகிறது. ஆகவே 50 மணி நேரக் கணக்கைத் தவறாமல் கடைப்பிடிக்கிறவர்களுக்கு இது சிறந்தது, தள்ளிப் போடுகிறவர்களுக்கு அவ்வளவு ஏற்றதில்லை. இப்போது ராக்‌ஷாக்ஸ் கீழ்க்கால்களுக்கென மேக்ஸிமாவின் பிளஷ் டைனமிக் சஸ்பென்ஷன் லூப் என்ற ஆயிலையும் தருகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் தங்கள் ஃபோர்க்கின் ஆண்டுக்குரிய கையேட்டில் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எஞ்சின் ஆயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிட்டூவின் பழைய கையேடுகள் கீழ்க்கால்களுக்கு 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக் எஞ்சின் ஆயிலையே சொல்லின. அது வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் எஞ்சின் ஆயிலில் உள்ள சேர்மானங்களில் பெரும்பகுதி புகைக்கரியைக் கரைத்து வைத்துக்கொள்ளவும் 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கவும் உருவானவை. ஃபோர்க்கில் இரண்டுமே கிடையாது. அவசரத்துக்குக் கையில் அதுதான் இருக்கிறதென்றால் கார் ஆயிலை எடுங்கள், ஜாசோ எம்ஏ என்று குறித்த மோட்டார் சைக்கிள் ஆயிலை விட்டுவிடுங்கள். அந்தத் தர வகையே ஆயிலில் நனைந்தபடி ஓடும் கிளட்ச் வழுக்கிவிடாமல் உராய்வைக் காப்பாற்றுவதற்காக வகுக்கப்பட்டது. நாம் தேடுவது அதற்கு நேர் எதிரான குணம்.

எந்த ஆயில் என்பதைப் போலவே எவ்வளவு என்பதும் முக்கியம். ராக்‌ஷாக்ஸின் பல ஃபோர்க்குகளில் ஒரு காலுக்கு 10 மில்லிலிட்டர் அளவே போதும். ஃபாக்ஸ் ஃபோர்க்குகளில் டாம்பர் உள்ள காலுக்கு 30, 40 மில்லிலிட்டர் வரை போகும். இந்த எண்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக் கூடாது. கீழ்க்காலுக்குள் அடைபட்டிருக்கும் காற்றும் ஃபோர்க் அமுங்கும்போது சுருங்குகிறது. ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து, அமுக்கத்தின் கடைசிப் பகுதியில் பிரஷர் ஏறி, ஃபோர்க் அமுங்கக்கூடிய முழுத் தொலைவையும் எட்ட முடியாமல் போகும், சீலைத் தாண்டி ஆயில் கசியவும் செய்யும். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லதுதானே என்ற எண்ணம் இங்கே செல்லாது. கூடுதல் மசகு வேண்டுமென்றால், பூட்டுவதற்கு முன் ஃபோம் ரிங்குகளை அதே ஆயிலில் நன்றாக ஊறவைத்து எடுத்துப் பொருத்துவதுதான் சரியான வழி. ஓட்டத்துக்கு முன் சில நிமிடங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைப்பதும் அடியில் தேங்கிய ஆயிலை ஃபோம் ரிங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒட்டும் தன்மை குறைந்த ஆயில் போட்டவர்களுக்கு இதன் பலன் கண்கூடாகத் தெரியும்.

இனி டாம்பர். இங்கே ஒட்டும் தன்மைக்கு வேலையே இல்லை, பாகுநிலைதான் எல்லாம். சஸ்பென்ஷன் ஆயில் புட்டிகளில் காணும் வெயிட் எண்ணுக்குப் பொதுவான தர வரையறை எதுவும் இல்லை; ஒவ்வொரு நிறுவனமும் தன் வரிசைக்குள் எது நீர்த்தது, எது கெட்டி என்று காட்டுவதற்காக வைத்துக்கொண்ட எண் அது. ஃபாக்ஸ் தன் டாம்பர்களுக்குத் தரும் ஆர்3 ஆயில் 5 வெயிட் என்று பெயர் பெற்றது, ஐஎஸ்ஓ 15 என்ற குறிப்போடு வருவது. அதாவது 40 டிகிரியில் ஏறத்தாழ 15 சென்டிஸ்டோக் (பாகுநிலையை அளக்கும் அலகு). சில்கோலீன் ப்ரோ ஆர்எஸ்எஃப் 5 வெயிட் அதே வெப்பநிலையில் 26 சென்டிஸ்டோக்கைத் தாண்டுகிறது. அந்த நிறுவனத்தின் 2.5 வெயிட்தான் ஃபாக்ஸின் 5 வெயிட்டுக்கு அருகில் வருகிறது. இரண்டு புட்டியிலும் 5 என்று இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால், ரீபவுண்ட் (திரும்பி எழும் வேகம்) குமிழ் முழுவதும் திறந்திருந்தும் ஃபோர்க் மந்தமாக எழும், அடுத்தடுத்த கற்களில் முழுமையாக எழ நேரமில்லாமல் கீழேயே தங்கிவிடும்.

ஆகவே டாம்பர் ஆயில் வாங்குமுன் அந்த ஆயிலின் தொழில்நுட்பத் தாளைத் தேடிப் படிக்க வேண்டும். அதில் மூன்று எண்கள் போதும்: 40 டிகிரியில் பாகுநிலை, 100 டிகிரியில் பாகுநிலை, பாகுநிலைக் குறியெண். முதலாவது எண் உங்கள் ஃபோர்க் தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றிரண்டு சென்டிஸ்டோக் வித்தியாசத்தை ஓட்டத்தில் உணர்வது கடினம், பத்து வித்தியாசத்தை உணராமல் இருப்பது கடினம். ஐஎஸ்ஓ எண் அச்சிட்டிருந்தால் வேலை எளிது. ஐஎஸ்ஓ 15 என்றால் 40 டிகிரியில் 13.5க்கும் 16.5க்கும் இடையே, ஐஎஸ்ஓ 32 என்றால் 28.8க்கும் 35.2க்கும் இடையே என்று அந்தத் தரம் எல்லை வகுத்திருக்கிறது. எந்த நிறுவனம் தயாரித்தாலும் அந்த எல்லைக்குள் இருந்தாக வேண்டும்.

பாகுநிலைக் குறியெண் என்பது வெப்பம் மாறும்போது ஆயில் எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்பதன் அளவு; எண் உயர உயர மாற்றம் குறைவு. காலைக் குளிரில் ஏறத் தொடங்கி நண்பகல் வெயிலில் இறங்குகிறவருக்கு இது பயன் தரும், ஏனென்றால் குறியெண் தாழ்ந்த ஆயில் குளிரில் பல மடங்கு கெட்டியாகிவிடும். ஆனால் மிக உயர்ந்த குறியெண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். சில ஆயில்களில் அந்த உயரத்தை நீண்ட பாலிமர் இழைகளைச் சேர்த்து எட்டுகிறார்கள். வால்வின் இடுக்குகளில் ஆயில் திரும்பத் திரும்பப் பிழியப்படும்போது அந்த இழைகள் அறுபட்டு, ஆயில் நாளடைவில் நீர்த்துப்போகும். மோட்டார் சைக்கிள் அளவுக்குச் சைக்கிள் ஃபோர்க்கின் டாம்பர் சூடாவதில்லை என்பதால், குறியெண் நடுத்தரமாக உள்ள நல்ல சிந்தெடிக் ஆயிலே பெரும்பாலோருக்குப் போதும்.

எஞ்சின் ஆயிலில் காணும் 5டபிள்யூ என்பதை டாம்பர் ஆயிலின் 5 வெயிட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஸ்ஏஇ ஜே300 தரத்தில் 0டபிள்யூ என்பது உறைகுளிரான -35 டிகிரியிலும், 5டபிள்யூ என்பது -30 டிகிரியிலும் எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு ஆயில் இளகி இருக்கிறதா என்பதைக் குறிப்பது. பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையுள்ள எல்லை. அப்படிப்பட்ட 0டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் பொதுவாக 50 சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும். அது கீழ்க்காலுக்கு ஏற்றது. டாம்பரில் ஊற்றினால் ஃபோர்க் ஏறக்குறையப் பூட்டியது போலாகிவிடும்.

டாம்பரிலும் இரண்டு வகை உண்டு. ராக்‌ஷாக்ஸின் மோஷன் கண்ட்ரோல் போன்ற திறந்த வகையில் ஸ்டான்ஷன் குழாயே ஆயில் தொட்டி. 5 வெயிட் ஆயில், கையேட்டில் சொன்ன அளவு, மேலிருந்து ஊற்றிவிடலாம். வீட்டில் முதன்முதலாக டாம்பர் ஆயில் மாற்றுகிறவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம். ஆயிலும் காற்றும் ஒரே இடத்தில் இருப்பதால் நுரை கட்டாத ஆயிலாகப் பார்த்து வாங்க வேண்டும். நுரைத்த ஆயில் வால்வைக் கடக்கும்போது தடையே இல்லாமல் போய்விடும். ராக்‌ஷாக்ஸின் சார்ஜர் 2 போன்ற மூடிய வகையில் 3 வெயிட் ஆயில் ஒரு ரப்பர்ப் பைக்குள் காற்றே இல்லாமல் அடைபட்டிருக்கிறது. அதில் ஆயிலை மாற்றுவதைவிடக் காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. சிரிஞ்சும் அதற்கேற்ற இணைப்பும் இல்லாமல் தொடங்கக் கூடாது. இந்த வகைக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆயிலையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. செலவாகும் அளவு குறைவு, தவறினால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டிவரும். வேறு ஆயிலைத் தேடி மிச்சப்படுத்த அங்கே ஒன்றுமில்லை.

பாகுநிலையை மாற்றி ஃபோர்க்கைத் தன் உடல் எடைக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் உண்டு. அது நியாயமான ஆசைதான். எடை குறைந்தவர் ஏர் பிரஷரையும் குறைவாகவே வைப்பார். ஃபோர்க்கைத் திரும்ப எழுப்பும் விசை அவருக்குக் குறைவு என்பதால், ரீபவுண்டை முழுவதும் திறந்தும் ஃபோர்க் மெதுவாகவே எழுந்தால் ஒரு படி நீர்த்த ஆயில் உண்மையாகவே உதவும். எடை மிகுந்தவர் ரீபவுண்டை முழுவதும் மூடியும் ஃபோர்க் துள்ளினால் ஒரு படி கெட்டியான ஆயில் உதவும். குமிழின் நடுப்பகுதியிலேயே திருப்தியான நிலை கிடைக்கிறவர் ஆயிலை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பாகுநிலையை மாற்றினால் ரீபவுண்டோடு கம்ப்ரெஷனும் சேர்ந்தே மாறும், ஒன்றை மட்டும் தனியாக மாற்ற ஆயிலால் முடியாது, அதற்கு வால்வுத் தகடுகளைத்தான் மாற்ற வேண்டும். இடைப்பட்ட பாகுநிலை தேவையென்றால் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் உள்ள இரண்டு ஆயில்களைக் கலக்கலாம். வெவ்வேறு நிறுவன ஆயில்களைக் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் நுரை தடுக்கும் சேர்மானங்கள் ஒன்றையொன்று கெடுக்க வாய்ப்புண்டு.

ஏர் ஸ்பிரிங்குக்கு எஸ்ஆர்ஏஎம் பட்டர், ஸ்லிக் ஹனி, ஸ்லிக்கோலியம் என்ற பெயர்களில் வரும் மென்மையான கிரீஸ்களில் எது கிடைத்தாலும் சரி. இவை மூன்றும் கையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வைப்பர் சீலின் உள்விளிம்பிலும் இதையே மெல்லத் தடவலாம். மிகையாகத் தடவுவதுதான் இங்கே நடக்கும் தவறு: ராக்‌ஷாக்ஸ் டெபன்ஏர் போன்ற ஏர் ஸ்பிரிங்குகளில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையே காற்றைச் சமப்படுத்த குழாயின் சுவரில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும்; கிரீஸ் அதை அடைத்துவிட்டால் இரண்டு அறைகளும் சமமாகாமல் ஃபோர்க்கின் உயரமும் மென்மையும் மாறிவிடும். ஃபாக்ஸ் தன் ஏர் பிஸ்டனுக்குத் தரும் ஃப்ளோட் ஃப்ளூயிடும் நல்லது; அது கெட்டியான திரவம், பிஸ்டனின் மேல் சில மில்லிலிட்டர் ஊற்றினால் போதும். கெட்டியான பேரிங் கிரீஸ் இந்த இடத்துக்கு வேண்டாம், அது சீலை இழுத்துப் பிடிக்கும்.

டாட் வகை பிரேக் ஃப்ளூயிட், துரு நீக்கும் ஸ்பிரே, பிரேக் கிளீனர் ஆகியவை ஃபோர்க்கின் சீல்களுக்கு அருகிலேயே வரக் கூடாது. சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நார் உதிராத துணியும் போதும்.

வெளியே வரும் பழைய ஆயிலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது, அடுத்த முறை எந்த ஆயில் வாங்குவது என்பதற்கே வழிகாட்டும். நிறம் சற்றுக் கறுத்துத் தெளிவாக இருந்தால் ஆயிலும் சர்வீஸ் இடைவெளியும் சரியாக இருக்கின்றன. பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் சீலைத் தாண்டி நீர் புகுந்திருக்கிறது; வைப்பர் சீலை மாற்ற வேண்டும், நீரால் கழுவப்படாத சூப்பர்கிளிஸ் போன்றதற்கு மாறுவதும் நல்லது. சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் உலோகம் தேய்கிறது. அளவு குறைவாக ஊற்றியிருக்கலாம், அல்லது சர்வீஸ் நெடுநாள் தள்ளிப்போயிருக்கலாம். ஒரு காலில் கையேடு சொன்னதைவிட மிக அதிகமாக ஆயில் வந்தால் டாம்பரின் சீல் கசிந்து அதன் ஆயில் கீழ்க்காலுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள்; அப்போது புதுக் கீழ்க்கால் ஆயிலை ஊற்றி மூடிவிடுவதால் பயனில்லை, டாம்பரைத் திறந்துதான் ஆக வேண்டும்.

வாங்கும் அளவைப் பொறுத்தவரை, இரு கால்களுக்கும் சேர்த்து 20 மில்லிலிட்டர் கொள்ளும் ஃபோர்க்குக்கு ஒரு லிட்டர் புட்டி 50 சர்வீஸுக்கு வரும். ஒரே ஒரு சைக்கிள் வைத்திருப்பவருக்கு அது மிக அதிகம். ராக்‌ஷாக்ஸ் ஆயில் 120 மில்லிலிட்டர் புட்டியிலும் கிடைப்பது இந்த வகையில் வசதி. பெரிய கொள்கலனில் வரும் சூப்பர்கிளிஸை நண்பர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். டாம்பர் ஆயிலுக்கும் கீழ்க்கால் ஆயிலுக்கும் தனித்தனி சிரிஞ்சு வைத்து, எதற்கு எது என்று அதன் மேலேயே எழுதிவிட வேண்டும். 3 வெயிட் டாம்பர் ஆயிலில் ஒட்டும் ஆயில் சில சொட்டுகள் கலந்தாலும் அது வேறு ஆயிலாகிவிடும். கீழ்க்கால் போல்ட்டுகளின் நசுங்கும் வாஷர்களை ஆயிலோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாஷரைத் திரும்பப் போட்டால் எவ்வளவு நல்ல ஆயிலும் அந்த வழியே கசிந்து போகும். வெளியே எடுத்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல் மூடியுள்ள புட்டியில் சேர்த்து வைத்து, பழைய எஞ்சின் ஆயிலைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடலாம்.